கை பிடிக்காத ரும்பா

நான் ஓய்வு பெற்ற அன்று, சுவிஸ் நாட்டின் நொஷாட்டல் நகர நடனப் பள்ளியில் எனக்குப் பின் இலத்தீன் நடன வகுப்புகளைப் பொறுப்பேற்ற இரு இளம் ஆசிரியர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இப்போது பள்ளிக்கு வருபவர்களிற் பலர் துணையின்றி வருகிறார்கள். கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகிவிட்டு, ஒருவரையும் தொடாமல், கண்ணாடிக்கு முன் தனியே ஆடுவதையே விரும்புகிறார்கள். பள்ளியும் அவர்களுக்கென வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. ரும்பா என்ற சோடி ஆட்டத்தைத் துணையின் பிடி இல்லாமல் ஆடினால், அதையும் ரும்பா என்று சொல்லலாமா என்பதே அவர்களின் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன்னர் கேட்டிருந்தால், ஒரு கணமும் யோசியாமல் இல்லை என்றிருப்பேன். அன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. அதன் காரணத்தை நமது கோயிலின் ஆண்டு மலரில் எழுதுவதே முறை என்று தோன்றியது. ஏனெனில் அந்தக் காரணம் நம்மவர் வீட்டுக் கலியாணம் ஒன்றில் இருக்கிறது.

இதை வாசிக்கும் பலருக்கு, நான் நடனம் கற்பித்தேன் என்பதே புதுச் செய்தியாக இருக்கும். நான் அந்தப் பள்ளியில் மண்டபம் கூட்டுபவன் என்றே ஊர் நம்பியது. அது பொய்யுமல்ல. கூட்டுபவனாகத்தான் சேர்ந்தேன், ஆசிரியனான பின்னரும் தரையைக் கூட்டும் வேலையை நான் வேறொருவருக்கு விட்டுக் கொடுக்கவில்லை. மற்றதை வெளியில் சொல்லவேண்டாம் என்றது என் மனைவி. "பிள்ளையளுக்கு நாளைக்குக் கலியாணம் பேசவேணும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் தகப்பன் என்ன வேலை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே மண்டபம் பார்க்கிறேன் என்றே இத்தனை காலமும் சொல்லி வந்தேன்.

இந்த நாட்டில் என் முதல் வேலை எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில், பெரிய விடுதி ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவுவது. அகதி விண்ணப்பம் முடிவாகாத எங்களுக்கு அப்போது கிடைத்தவை அவ்வாறான வேலைகளே. சமையலறைக்கும் விருந்து மண்டபத்துக்கும் நடுவில், வட்டக் கண்ணாடி பதித்த கதவொன்று இருந்தது. பனிக்காலத்தில் ஒரு நாள், பிற்பகல் தேநீர் வேளையில், அக்கண்ணாடியூடாக நான் கண்ட காட்சியை இன்றும் மறக்கவில்லை. ஒரு முதியவருடைய மனைவியை வேறொருவர் அணைத்துக்கொண்டு ஆடினார். கணவரோ பக்கத்து மேசையில் இருந்து, அவர்களைப் பார்த்துத் தலையசைத்தபடி, கேக்கை வெட்டி வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சண்டை வரும், மேசை புரளும் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்து நின்றேன். பாட்டு முடிந்தது. ஆடியவர் அந்தப் பெண்ணைக் கணவரிடம் கொண்டுவந்து விட்டார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். என்னோடு வேலை செய்த பருத்தித்துறைப் பெடியன் ஒருவன், "அண்ணை, உதைப் பாக்காதேங்கோ, கண் அவிஞ்சு போகும்" என்றான். பிறகு என்னைத் தள்ளிவிட்டு, அந்தக் கண்ணாடியில் தன் முகத்தை வைத்துக்கொண்டான்.

நொஷாட்டலுக்கு வந்து நடனப் பள்ளியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது, அது எவ்வகையான பள்ளி என்பதை நான் அறிந்திருக்கவில்லை. உரிமையாளர் மதாம் ரொஷா. ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. குரல் உயர்த்த மாட்டார். ஒருவர் தவறாக ஆடினால் அவர் பேசாமல் இசையை நிறுத்துவார், நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். தவறியவர் தானே உணரும் வரைக்கும் மண்டபம் முழுவதும் அசையாமல் நிற்கும். அந்த மௌனத்துக்குப் பயந்து அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மாலை வகுப்புகளுக்கு ஆண்கள் எப்போதும் குறைவாகவே வருவார்கள். ஒரு நாள் பெண்மணி ஒருவர் துணையின்றி நிற்க, மதாம் என்னைப் பார்த்து, "மிஸ்யூ சிவா, அந்த விளக்குமாற்றைக் கீழே வையுங்கள்" என்றார். எதற்கென்று விளங்காமல் வைத்தேன். அவர் என் கையைப் பிடித்து, அந்தப் பெண்மணியின் கையில் வைத்தார். என் தாயையும் சகோதரிகளையும் மனைவியையும் தவிர வேறு பெண்ணின் கையைத் தொட்டறியாதவன் நான். என் காது இரண்டும் அடைத்துப்போயின. இசை தொடங்கியதோ, முடிந்ததோ, எனக்குத் தெரியாது. மறுநாள் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லப் போனேன். அவர் நான் சொன்னதைக் காதில் வாங்காதவர்போல, நீங்கள் கூட்டும்போது ஒரு காலில் முழு உடலையும் ஊன்றிய பிறகே மற்றக் காலை எடுக்கிறீர்கள், இந்த ஊரில் அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு வருடம் பிடிக்கிறது என்றார்.

அதன்பின் வந்த பயிற்சி ஆண்டுகளை விரித்து எழுதினால் மலர் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும். மதாம் கற்பித்த முறையில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். முதல் மாதங்களில் சுவர்க் கண்ணாடிகள் யாவற்றையும் திரைச்சீலையால் மூடிவிடுவார். ரும்பா நடைக்கு, முன்காலின் கீழ் ஒரு பத்திரிகைத் தாளை வைப்பார். காலைத் தூக்கக் கூடாது. தாளை இழுத்துச் செல்லவேண்டும். ஆனால் தாள் கிழியக் கூடாது. அழுத்தம் கூடினால் கிழியும். குறைந்தால் தாள் பின்னால் நின்றுவிடும். முழங்கால் நிமிர்ந்த பின்னரே உடற்பாரம் அந்தக் காலுக்கு மாறவேண்டும். பாரம் மாறினால் இடுப்புத் தானாகவே இறங்கும். அதை ஒருவர் வேண்டுமென்று ஆட்டினால் மதாம் இசையை நிறுத்திவிடுவார். தாளத்தின் முதலாம் தட்டில் அசையாது நின்று, இரண்டாம் தட்டிலேயே அடியெடுத்து வைக்கவேண்டும் என்பது மற்றொரு விதி. அதில் என்னோடு பயின்ற எல்லோரும் தடுமாறினார்கள். சிறுவயதில் கோயிற் பஜனையில் தாளம் போட்டவனாகையால், தட்டு விழுந்த பின் பாட்டு எடுப்பது எனக்குப் பழகிய விடயமாக இருந்தது.

வரலாற்றையும் அவரே சொன்னார். சா-சா-சா என்ற இன்னோர் ஆட்டத்தின் பெயர், தரையில் உரசிய பாதங்களின் ஓசையிலிருந்து வந்தது. ரும்பா கியூபாவிற் பிறந்தது. அமெரிக்க விடுதிகளுக்கும் பாரிசுக்கும் இலண்டனுக்கும் போய் வளர்ந்தது. அவருடைய இளமையில், ரும்பாவைச் சதுரமாக அடி வைத்து ஆடுவதா, முன்னும் பின்னுமாக ஆடுவதா என்பதில் பிரெஞ்சு ஆசிரியர்களும் ஆங்கில ஆசிரியர்களும் இரண்டாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்களாம். இரு கட்சியினரும் தம்முடையதே உண்மையான கியூப முறை என்று வாதாடினார்களாம். ஆங்கிலேயர் வென்றார்கள். அவர்களுடைய முறையிலேயே நான் ஆசிரியர் பரீட்சை எழுதினேன். ரும்பா எங்கே பிறந்தது என்று பரீட்சகர் கேட்டார். கியூபா என்றேன். சரி என்று தலையசைத்தார். நான் அந்த ஒற்றைச் சொல்லை நம்பிப் பல்லாண்டுகள் கற்பித்தேன்.

இனி, அந்தக் கலியாணத்துக்கு வருகிறேன்.

யோகநாதனும் அவர் மனைவி புவனேஸ்வரியும் நமது கோயிலில் எல்லோருக்கும் அறிமுகமானவர்கள். அவருக்கு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. புவனேஸ்வரித் தங்கச்சிக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மகள் காயத்திரி மருந்துக்கடையில் பணிபுரிகிறாள். பெயர்களை நான் மாற்றியிருக்கிறேன்; ஆட்கள் மாறவில்லை. காயத்திரி விரும்பிய பையன் இந்த ஊரிற் பிறந்தவன். தகப்பன் கியூபா நாட்டவர், இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிய மொழி கற்பிப்பவர், பெயர் ரமோன். தாய் சுவிஸ்காரி; அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

இரு வீட்டாருக்கும் சம்மதம். கோயிலில் தாலி கட்டுவது, மாலையில் மண்டபத்தில் விருந்து என்று முடிவாகியிருந்தது. சிக்கல் விருந்தில் வந்தது. இவ்வூர் வழக்கப்படி, குடும்பத்தவர் முதலில் ஆடித்தான் விருந்து ஆட்டத்தைத் தொடக்கி வைப்பார்கள். மணமகள் தன் தகப்பனோடு ஆடவேண்டும். மணமகன் தன் தாயோடு ஆடவேண்டும். தாய் இல்லாதபடியால் சித்தியோடு ஆடுவான். மூன்றாவது சோடி, மணமகளின் தாயும் மணமகனின் தகப்பனும்.

சம்பந்தியோடு ஆடுவது. நம்மவர் எவருக்கும் நான் இதை விளக்கவேண்டியதில்லை.

காயத்திரி தகப்பனையும் தாயையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். யோகநாதன் என்னைக் கண்டதும் திகைத்துப்போய், "அண்ணை, நீங்கள் இஞ்ச கூட்டிற வேலை எண்டெல்லோ கேள்விப்பட்டனான்" என்றார். அதுவும்தான் என்றேன். புவனேஸ்வரி குளிர் அங்கியைக் கழற்றவில்லை. மர வாங்கின் நுனியில் இருந்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகள் பிரெஞ்சும் தமிழும் கலந்து விடயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவர் நிமிரவேயில்லை. பிறகு, என்னை நோக்கி அல்ல, தன் கைப்பையை நோக்கியே பேசினார்.

"நான் அவரைக் கும்பிடுவன். கூப்பிட்டு இருத்திச் சாப்பாடு போடுவன். கை குடுக்கச் சொன்னால் அதுவும் குடுப்பன், இந்த ஊர்ப் பழக்கம் எண்டு. முதுகில கை வைக்க விடமாட்டன். கட்டாயம் எண்டால் கோயிலோட நான் வீட்டை போறன்."

"அம்மா, அவருக்கு ஒருத்தரும் இல்லை. எல்லாரும் சோடியா ஆடேக்க அந்த மனுசன் நடுவில தனிய நிப்பார்" என்றாள் மகள்.

"நிண்டா என்ன? ஹோல் நிறைய ஆக்கள்தானே."

மகள் அழவில்லை; கோபிக்கவுமில்லை. அம்மா வராத விருந்து தனக்கும் வேண்டாம், மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். கியூபாவிலிருந்து ரமோனின் உறவினர்கள் பெரும் பாடுபட்டு விசா எடுத்திருந்தார்கள். யோகநாதன் என் முகத்தைப் பார்த்தார். எப்படியாவது செய்து தாருங்கோ என்பது அந்தப் பார்வை.

நான் ரும்பாவைத் தெரிவு செய்தேன். மெதுவான ஆட்டம், நெருங்கி அணைக்காமல், ஒரு கையை மட்டும் பிடித்து ஆடும் பகுதிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது சம்பந்தியின் சொந்த நாட்டு ஆட்டம். அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தைப் புவனேஸ்வரியிடமும் சொன்னேன். மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் குளிர் அங்கியைக் கழற்றினார்.

முதற் சில வாரங்கள் கணவனும் மனைவியும் மட்டும் பழகினார்கள். தாலி கட்டிய நாளிலிருந்து இவர்கள் வெளியிடத்தில் கை கோத்து நின்றதில்லை என்பது பார்த்தவுடனே விளங்கியது. யோகநாதன் மனைவியின் கையை, பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"இறுக்காதேங்கோ. நான் எங்க ஓடப்போறன்?"

"நீ ஓடமாட்டாய். நான் விழுந்திடுவன், அதுதான்."

பத்திரிகைத் தாளை இருவருக்கும் கொடுத்தேன். யோகநாதன் நாலைந்து தாள்களைக் கிழித்தார். புவனேஸ்வரியின் தாள் கிழியவேயில்லை. அவர் பாதம் தரையை விட்டு எழாமலே போய்வந்தது. கணவனோடு ஒரு பாட்டு முழுவதையும் பிழையின்றி ஆடிய நாளில், வேலை முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் சம்பந்தியின் இடத்தில் நானே நின்று கையை நீட்டினேன். அவர் தன் கையைக் கொடுக்க முயன்றதை நான் கண்டேன். கை பாதி தூரம் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணை, நான் உங்களை அண்ணை எண்டுதான் கூப்பிடுறன். அதாலதான் ஏலாமல் கிடக்கு" என்றார்.

நீட்டிய கையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் குளிர் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, "நீங்கள் கோயில்ல தாளம் போட்ட ஆளெண்டு சொன்னீங்கள். எப்பிடி அண்ணை முதல் நாள் ஒரு பொம்பிளையின்ர கையைப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். காது அடைத்துப்போயிற்று, வேறொன்றும் நினைவில் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தியை நேரில் வரவழைத்தால், அவருடைய பண்பைப் பார்த்தாவது இந்தத் தங்கச்சியின் அச்சம் குறையும் என்று எண்ணினேன். காயத்திரி அடுத்த சனிக்கிழமை தாயை எப்படியோ வற்புறுத்திக் கூட்டிவந்தாள். ரமோனும் வந்தார். உயரமான மனிதர், நரைத்த தலை, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். புவனேஸ்வரிக்குத் தூரத்தில் நின்று கை கூப்பினார். மகன் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். ஆட்டம் எப்படியிருக்கும் என்பதை முதலிற் காட்டிவிடலாம் என்று, பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவரோடு நான் ரும்பா ஆடினேன். கை பிடித்து, அணைத்து, விலகி, மீண்டும் அணைத்து, பரீட்சையில் ஆடியதைவிடத் திறமாக ஆடினேன் என்றே சொல்வேன்.

முடிந்ததும் ரமோன் மெதுவாகக் கை தட்டினார். மிகவும் அழகாக இருந்தது என்றார். பிறகு, "இது எந்த நாட்டு ஆட்டம்?" என்று கேட்டார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உங்களுடையது, ரும்பா என்றேன். இப்போது அவர் முகத்திலும் திகைப்பு. விடுதிகளிலும் போட்டிகளிலும் ஆடுவதைத் தொலைக்காட்சியில் தாம் பார்த்ததுண்டு, அதை ஸ்பெயின் நாட்டவருடையது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்ததாகச் சொன்னார். மத்தன்சாஸ் என்ற துறைமுக ஊரில் தம் வீட்டு முற்றத்தில் ஆடிய ரும்பாவில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தொடுவதேயில்லை என்றார்.

"என் அத்தைமார் ஆடும்போது ஒருவன் கை நீட்டித் தொட்டுவிட்டால், பாட்டு நின்றுவிடும்" என்றார்.

நான் போய் வாங்கில் இருந்தேன். தொடாத ரும்பா. வாழ்நாள் முழுவதும் நான் கற்பித்தது பிடி. எங்கே பிடிப்பது, எவ்வளவு இறுக்குவது, எப்போது விடுவது. அதுவே இந்த ஆட்டத்தின் உயிர் என்று எத்தனை ஊரார்க்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். இங்கே ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பணிவாக, அது அங்கே இல்லவேயில்லை என்கிறார்.

ரமோன், திறந்திருந்த களஞ்சிய அறையில் நாங்கள் பழைய சப்பாத்துகள் போட்டு வைத்திருந்த மரப்பெட்டியைக் காட்டி, எடுத்து வரலாமா என்று கேட்டு, எடுத்து வந்து, கவிழ்த்து, அதன்மேல் இருந்து கைகளால் தட்டினார். அடிமைகளின் வழிவந்த துறைமுகக் கூலிகளிடம் பிறந்த ஆட்டம் இது என்றார். பறைகளைத் தடை செய்திருந்த காலத்தில் மீன்பெட்டியிலும் மெழுகுதிரிப் பெட்டியிலும் தட்டினார்கள். வேறு சில பாட்டுகளுக்கு அந்த நாட்டில் சோடியாக அணைத்து ஆடுவார்கள். அந்தப் பாட்டுகளே கடல் கடந்து போயின. போன இடத்தில் வியாபாரிகள் எல்லாவற்றுக்கும் ரும்பா என்ற பெயரையே ஒட்டினார்கள் என்று தாம் படித்திருப்பதாகச் சொன்னார். துறைமுகத்தின் ஆட்டம் முற்றத்திலேயே இருந்துவிட்டது. அதில் இளையவர்கள் ஆடுவது வேகமானது, குறும்பானது, அது நமக்கு வேண்டாம் என்று கையை அசைத்தார். முதியவர்களுக்கென்றே மிகப் பழைய, மெதுவான ஒன்று உண்டு. கூன் விழுந்த முதுகையும் நோகும் முழங்காலையும் நடித்துக் காட்டியே ஆடுவது.

நான் இவற்றையெல்லாம் புவனேஸ்வரிக்குத் தமிழிற் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தொடவே மாட்டாரோ?"

"மாட்டார் தங்கச்சி."

"அப்ப பாப்பம்" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பழகவும் மறுத்துவிட்டார்.

அடுத்த நாள் நான் மதாம் ரொஷாவைப் பார்க்கப் போனேன். பள்ளியைக் கைமாற்றிவிட்டு, ஏரியைப் பார்த்த சிறு வீடொன்றில் அவர் வாழ்ந்தார். காது சற்று மந்தம். முதுகு மட்டும் அதே நிமிர்வு. ஏமாற்றப்பட்டவனின் கோபம் என்னிடம் இருந்தது. அவரும் என்னைப் போலவே ஏமாந்தவர், உண்மையை நான்தான் எடுத்துச் சொல்லப் போகிறேன் என்ற துடிப்பும் இருந்தது. சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவருக்கே உரிய அந்த மௌனத்தில் இருந்தார். இசையை நிறுத்திவிட்டார் என்று எனக்குப் பட்டது.

"எனக்குத் தெரியும், சிவா. எங்கள் ஆசிரியருக்கும் தெரியும். தொடாமல் ஆடுவதற்கு எங்களிடம் யார் வந்திருப்பார்கள்? அறையில் தனியே இருந்தவர்கள்தான் வந்தார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், ஒருவருடைய கை தங்கள் முதுகில் இருக்கவேண்டும் என்பதற்காக வந்தார்கள்."

ரமோன் சொன்னதைக் கேட்டு அடைந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி இதுவே. தெரிந்திருந்தும் பரீட்சைக்கு என்னை அனுப்பினார். தெரிந்திருந்தும் கியூபா என்று சொல்ல வைத்தார். கோபத்தோடு எழுந்தேன். ஆனால் என்னிடம் ஆடப் பழகியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக முன்னே வந்தன: விதவைகள், மணமுறிவு பெற்றவர்கள், புதன்கிழமை தோறும் தலைவாரிச் சென்ட் பூசிக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற தபாற்காரர். மறுபடியும் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் தேநீர் ஊற்றித் தந்தார்.

கலியாண நாளில், கோயிற் சடங்கு முடிந்து, எல்லோரும் மண்டபத்துக்கு வந்தோம். வெயில் இன்னும் ஏரியின் மேல் கிடந்தது. புவனேஸ்வரி வந்திருந்தார், கூறை நிறத்துப் பட்டுச்சேலையில், கதவுக்குக் கிட்ட, எழுந்து போக வசதியான கதிரையில் இருந்தார். யோகநாதன் மகளின் கை பிடித்து நான் பழக்கிய ரும்பாவை ஆடினார். ஓரிடத்தில் தடுமாறினார், அவள் அவரைத் தாங்கிக்கொண்டாள். பையன் தன் சித்தியோடு ஆடினான். அவர்கள் ஒதுங்கியதும் இசை நின்றது. ரமோனின் உறவினர் மூவர் மரப்பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டு, அவற்றின்மேல் இருந்து மெல்லத் தட்டத் தொடங்கினார்கள். ஒருவர் இரண்டு தடிகளை ஒன்றோடொன்று அடித்தார். ரமோன் மண்டபத்தின் நடுவில் வந்து நின்றார்.

அவர் யாரையும் பார்க்கவில்லை, கூப்பிடவுமில்லை. பெட்டித் தட்டு ஒரு சுற்றுப் போயிற்று. இன்னொரு சுற்றுப் போயிற்று. நம்மவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கதைத்தார்கள். காயத்திரி தாயின் பக்கம் திரும்பவேயில்லை; திரும்பினால் வற்புறுத்தியதாகிவிடும் என்று பயந்திருப்பாள். அந்த மனிதர் உண்மையிலேயே தனியே நின்றார்.

கதவுப் பக்கக் கதிரை அசையும் சத்தம் கேட்டது. போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது புவனேஸ்வரி முந்தானையை இடுப்பிற் செருகிக்கொண்டு நடுவே வந்துகொண்டிருந்தார்.

கிட்டப் போகாமல் நின்றார். ரமோனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு புவனேஸ்வரியின் தோள்கள் இரண்டும் விழுந்தன, முதுகு வளைந்தது, வாய் ஒரு பக்கம் தொய்ந்தது. வலக்கை, சுவரில் இல்லாத ஒரு பிடிகம்பியைத் தேடித் தடவியது. பாதங்கள் தரையை விட்டு எழாமல், இரண்டாம் தட்டுக்கு ஒன்றாக, உரசி உரசி முன்னேறின. பட்டுச்சேலை கட்டிய ஐம்பது வயதுப் பெண் எங்கள் கண்முன்னே தொண்ணூறு வயதுக் கிழவியானார். மண்டபம் சிரித்தது. கிழவி நடுவழியில் நின்றாள். எங்கே போகப் புறப்பட்டோம் என்பதை மறந்துவிட்டாள். திரும்பி ரமோனைப் பார்த்து, நீ யார் என்பதுபோல முகத்தை வைத்தாள். சிரிப்பு சட்டென்று அடங்கியது. ரமோனின் காலே ஒரு தட்டுத் தவறியது. அவர் சுதாரித்து, தாமும் கூனி, இடுப்பில் கை வைத்து, அவளைச் சுற்றி வந்தார். கிட்ட வந்தபோது அவள் முந்தானை நுனியை உருவி, ஈ ஓட்டுவதுபோல வீசினாள். கியூபாக்காரர்கள் பாட்டினூடே ஏதோ கூவினார்கள். விரல் நுனியும் படாமல் அந்த ஆட்டம் முடிந்தது. இருவரும் நிமிர்ந்து, ஒருவரையொருவர் கும்பிட்டார்கள்.

யோகநாதன் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"அண்ணை, உது நீங்கள் பழக்கினதோ?"

"இல்லைத் தம்பி."

"அப்ப இவள் எங்க பழகினவள்?"

திரும்பி வந்துகொண்டிருந்த புவனேஸ்வரியின் காதில் அது விழுந்துவிட்டது. "நான் நெடுக முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போறனான், கண்டனீங்கள்தானே. அங்க நான் என்ன செய்யிறன் எண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களோ?" என்றார். யோகநாதன் என் முழங்கையை விட்டார். நானும் கேட்டதில்லை. முதுகு நிமிராத எவரையும் மதாம் ரொஷாவின் தரையில் ஆட விட்டதில்லை நாங்கள்.

பெட்டிகள் மறுபடியும் முழங்கின. ரமோன் கையை அகல விரித்து எல்லோரையும் அழைத்தார். நம்மவர்கள், அவர்கள், ஊர்க்காரர், யாவரும் எழுந்தார்கள். அண்ணை வாங்கோ என்று யாரோ என்னையும் தள்ளிவிட்டார்கள். முதலாம் தட்டில் நின்றேன்; இரண்டாம் தட்டில் அடியெடுத்து வைத்தேன். சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்து நின்றுவிட்டதை அதன் பின்னரே கவனித்தேன். என் வலக்கை தானாக உயர்ந்து, ஒரு பெண்ணின் தோட்பட்டை இருக்கவேண்டிய உயரத்தில், விரல்களைச் சேர்த்து, வெறும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

புவனேஸ்வரி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, கையை விடுங்கோ" என்றார் மெதுவாக. "அங்க ஒருத்தரும் இல்லை."

அந்தக் கையை இறக்க எனக்கு அந்தப் பாட்டு முழுவதும் வேண்டியிருந்தது.